மாமாவின் வால்வு அம்பிளிபயர்: அப்படியே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

குருநகர் மருமகன்:

வணக்கம். வீட்டுக் கூரையைத் திருத்தும்போது பரணிலிருந்து மாமாவின் கிற்றார் அம்பிளிபயர் இறங்கியிருக்கிறது. மாமா ஒரு காலத்தில் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர். அது கடைசியாக ஒலித்தது 1986 நத்தார் இரவில் என்கிறார். பிறகு 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. 1995 ஒக்ரோபரில் நாங்களும் இடம்பெயர்ந்து போனோம். புறப்படுவதற்கு முன் அம்மா அதை இரண்டு உரப்பைகளால் சுற்றிப் பரணில் ஏற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது அது அங்கேயே இருந்தது. அதன்பின் யாரும் தொடவில்லை.

பெட்டியின் அடிப்பலகையைக் கறையான் தின்றுவிட்டது. பெயர்த்தகடு இல்லை. கடற்கரை வீடு என்பதால் இரும்பெல்லாம் துரு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. எலியின் வேலையாக இருக்கும். ஆனால் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழல்களான வால்வுகள் ஐந்தும் உடையாமல் இருக்கின்றன: ஈஎல் 84 இரண்டு, ஈசிசி 83 இரண்டு, ஈஇசட் 81 ஒன்று.

மாமா ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வருகிறார். அதற்கு முன் இதைப் பேச வைக்க ஆசை. நான் தண்ணீர் மோட்டர்களுக்கு வயரிங் செய்பவன். ஈயம் ஒட்டத் தெரியும், மல்ரிமீற்றர் இருக்கிறது, வால்வு பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தம்பி, "செருகிப் பார், புகை வந்தால் கழற்று" என்கிறான். செருகலாமா?

கொக்குவில் வானொலி:

செருகாதீர்கள். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் மல்ரிமீற்றரையும் இரவல் கொடுக்காதீர்கள்.

புகை வந்த பிறகு கழற்றுவதில் பயனில்லை. உள்ளே உருளையாக நிற்கும் பெரிய கொண்டென்சருக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஒக்சைட் படலம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் மின்சாரம் படாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்ற்றேஜ் ஏறினால் கொண்டென்சர் ஷோர்ட் ஆகும். போகும் வழியில், மாறுமின்னை நேர்மின்னாக்கும் ஈஇசட் 81 வால்வையும் மெயின் ட்ரான்ஸ்போமரையும் கூட்டிக்கொண்டு போகும். கொண்டென்சரைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். அந்த ட்ரான்ஸ்போமரை எங்கே வாங்குவீர்கள்?

அதுபற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஆண்டுகளில் என் கடைக்கு வால்வுப் பெட்டிகள் வந்து குவிந்தன. எந்த டைனமோவும் வால்வுக்கு வேண்டிய 250 வோல்ற் தராது. ஆகவே அவற்றை யாரும் திருப்பி வாங்க வரவில்லை. எனாமல் கம்பிக்காக நானே இருபது ட்ரான்ஸ்போமர்களுக்குக் குறையாமல் பிரித்திருக்கிறேன். இப்போது ஒன்றுக்காக ஊரெல்லாம் விசாரித்துத் திரிகிறேன்.

முதலில் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

பின்பக்கத்தில் வோல்ற்றேஜ் மாற்றும் திருகி இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது? எனக்கு அதில்தான் சந்தேகம்.

இரண்டாவது, வால்வுகளிலிருந்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர். வால்வுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு ஈஎல் 84 சொக்கெற்றுகளிலும் 7ஆம் பின்னிலிருந்து நடுக்கம்பி வரை ஓம் பாருங்கள். இரண்டு பக்கமும் நூற்றுச் சொச்சம் ஓமில், ஏறக்குறையச் சமமாக இருந்தால் நல்லது. மீற்றர் அசையாவிட்டால் உப்புக்காற்று கம்பியை அரித்துவிட்டது. அப்படியானால் தண்ணீர் மோட்டர் சுற்றுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கை சுத்தமானதுதான். ஆனால் இது அடுக்கு மாற்றி அடுக்காகச் சுற்ற வேண்டிய வேலை.

மூன்றாவது, வால்வுகளின் உச்சியில் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் பூச்சு. மின்னினால் சரி. பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது.

சுன்னாகம் 230:

ஐயா சொல்வது சரி. ஒரே ஓர் ஆலோசனை: அந்த ஈஇசட் 81 ஐக் கழற்றிவிட்டு இரண்டு டயோட் போட்டால் வேலை முடிந்தது. மலிவு, சூடும் குறைவு. நான் இரண்டு ரேடியோக்களுக்கு அப்படித்தான் செய்தேன்.

குருநகர் மருமகன்:

திருகி 200 இல் நிற்கிறது! மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். திருவிழா இரவுகளில் ஊரே விளக்குப் போட்டிருக்கும், வோல்ற்றேஜ் விழுந்துவிடும், அதனால் இறக்கி வைத்தேன் என்றார். வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் ஒரு பக்கம் 168, மறுபக்கம் 181 ஓம். ஐந்து வால்வுகளும் மின்னுகின்றன.

கொக்குவில் வானொலி:

நினைத்தேன். அந்தக் காலத்தில் எல்லா இசைக்குழுக்காரரும் செய்த வேலை. இன்றைய 230 ஐ 200 இல் கொடுத்திருந்தால் வால்வுகளைச் சூடேற்றும், 6.3 வோல்ற் பெறவேண்டிய இழைகள் 7.2 க்கு மேல் பெற்றிருக்கும். திருகியை 240 இல் வையுங்கள்.

ட்ரான்ஸ்போமர் பிழைத்திருக்கிறது. பக்கங்களுக்கிடையே அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம். வெளிச்சுற்றுக்குக் கம்பி அதிகம்.

சுன்னாகத் தம்பிக்கு: டயோட் வால்வைவிடக் குறைவாகவே வோல்ற்றேஜை விழுங்கும். ஆகவே மற்ற வால்வுகளுக்குப் போகும் வோல்ற்றேஜ் ஏறும். ரேடியோவில் ஒற்றை வால்வு அதைப் பொறுத்திருக்கலாம். இங்கே ஈஎல் 84 ஏற்கெனவே எல்லைக்கு அருகில் ஓடும். தவிர, வால்வு மெல்லச் சூடேறி மெல்லக் கொடுக்கும். டயோட் சுவிட்ச் போட்ட உடனேயே எல்லாவற்றையும் கொட்டும். வேண்டாம்.

மருமகன் இனிச் செய்ய வேண்டியவை. இரட்டை வயரை வீசிவிட்டு மூன்று கம்பி வயர் போடுங்கள். எர்த் கம்பி சசியில், அதாவது உலோகச் சட்டத்தில், தனித் திருகாணியில் இறுக வேண்டும். மெயினிலிருந்து சசிக்குப் போகும் சிறு கொண்டென்சர் இருந்தால் வெட்டி எறியுங்கள். அது ஷோர்ட் ஆனால் கிற்றார்க் கம்பியில் மின்சாரம் நிற்கும். பெரிய கொண்டென்சர்களுக்குப் பதிலாக 33 மைக்ரோபரட், 450 வோல்ற் போடுங்கள். கூடப் போட்டால் கூட நல்லது என்று எண்ண வேண்டாம், ஈஇசட் 81 க்கு முதல் கொண்டென்சர் 50 ஐத் தாண்டக்கூடாது.

பிறகு பழைய இழை பல்ப் ஒன்றை, 60 வாற், அம்பிளிபயருக்கு முன் தொடராக இணையுங்கள். எல்ஈடி இதற்கு உதவாது. பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் சுகம். எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷோர்ட். முதலில் ஈஎல் 84 இரண்டையும் போடாமல் மின்சாரம் கொடுத்து, அவற்றின் சொக்கெற்றில் 2ஆம் பின்னைச் சசிக்கு எதிராக வோல்ற்றேஜ் அளந்து பாருங்கள். பூச்சியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பின்னுக்கு வரும் பழைய மெழுகுக் கொண்டென்சர் கசிகிறது. அப்படியே வால்வைப் போட்டால் அதன் உள்ளே உள்ள தகடு செங்கல்லாகச் சிவக்கும்.

வீட்டு ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். வால்வுகளுக்குப் போகும் 300 வோல்ற், மெயின் ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் பிறக்கிறது. உங்கள் நெஞ்சு வழியாக அது போனாலும் ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியாது. அளக்கும்போது இடது கை சட்டைப் பையில் இருக்கட்டும். நிறுத்திய பிறகும் கொண்டென்சரில் மின் நிற்கும். 10 கிலோஓம், 5 வாற் ரெசிஸ்டரால் வடித்துவிட்டு, மீற்றரில் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே வேண்டாம்.

ஸ்காபரோ:

ஈஎல் 84 சுலோவாக்கியாவில் இன்றும் செய்கிறார்கள். தேவை என்றால் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். காலுறைக்குள் வைத்துக் கைப்பையில் கொண்டு வந்தால் உடையாது.

கொக்குவில் வானொலி:

பழசு சாகும்வரை புதிது வேண்டாம்.

குருநகர் மருமகன்:

பதினாறு நாட்களாக எழுதவில்லை, மன்னிக்கவும். கொண்டென்சர்கள் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பஸ்ஸில் வந்தன. அதைவிடப் பாடு இழை பல்ப்புக்குத்தான். நான்கு கடைகளில் சிரித்தார்கள். கடைசியில் நாவாந்துறையில் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பெட்டியிலிருந்து ஒன்றை இரவல் வாங்கினேன். குஞ்சுகள் குளிருமுன் தரவேண்டும் என்ற நிபந்தனை.

2ஆம் பின்னில் ஒரு சொக்கெற் பூச்சியம். மற்றதில் 14 வோல்ற். இரண்டு மெழுகுக் கொண்டென்சர்களையும் மாற்றினேன், இரண்டும் பூச்சியம். 100 கிலோஓம் என்று நிறம் சொன்ன ரெசிஸ்டர் ஒன்று 160 காட்டியது, அதையும் மாற்றினேன். பிறகு வால்வுகளைப் போட்டேன். பல்ப் எரிந்து மங்கியது. குஞ்சுகளின் பல்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். இரண்டு ஈஎல் 84 க்கும் பொதுவான 130 ஓம் ரெசிஸ்டரில் 10 வோல்ற். தகட்டில் சிவப்பு இல்லை.

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. உள்ளீட்டு வயரின் நுனியை விரலால் தொட்டேன். பெட்டி உறுமியது. அம்மா கையில் அகப்பையோடு குசினியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

கொக்குவில் வானொலி:

10 ஐ 130 ஆல் வகுத்தால் 77 மில்லிஅம்பியர்; வால்வுக்கு 38 சொச்சம். 300 வோல்ற்றில் 11.5 வாற், ஈஎல் 84 இன் எல்லை 12. மேலே டயோட் போட வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

ஸ்பீக்கர் ஓட்டைக்கு மெல்லிய டிசுக் காகிதத்தை இரண்டு பக்கமும் வைத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீராகக் கரைத்து ஒட்டுங்கள். தடிப்பாகப் பூசினால் கூம்பு கனத்துவிடும்.

குருநகர் மருமகன்:

அதை மட்டும் மாமா தடுத்துவிட்டார், ஐயா. எலி அல்லவாம். 1986 நத்தார் இரவு, மேடைக்குப் பின்னால் நடந்த சண்டையில் அவர்களுடைய டிரம்ஸ்காரரின் குச்சி போன வழியாம். அவரும் இப்போது ரொறன்ரோவில்தான் இருக்கிறாராம். ஓகஸ்டில் இருவரும் ஒன்றாக வருகிறார்கள். டிசுக் காகிதத்தையும் பசையையும் எடுத்து வை, ஒட்டுவது அவனுடைய வேலை என்கிறார்.