புதுப்பிப்பு: கமடோர் 64, ஜியோஸ் 2.0-இல் மவுஸ் அம்பு நகராத பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் பழைய கமடோர் 64 கணினியில் ஜியோஸ் (படங்களும் ஐகான்களும் கொண்ட இயக்க முறைமை) ஏறுகிறது, ஆனால் கமடோரின் 1351 மவுஸை எவ்வளவு உருட்டினாலும் அம்பு அசையவில்லை என்று கேட்டிருந்தேன். வலது பட்டனை அழுத்திப் பிடித்தபடி மெஷினை ஆன் செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. அப்போது மவுஸ் ஜாய்ஸ்டிக் போல நடந்துகொள்கிறது. அம்பு எட்டே திசைகளில் மெல்ல ஊர்ந்தது. வெறும் 64 கேபி நினைவகம் உள்ள மெஷினில் அதைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம் பூட் டிஸ்க்கில் (ஜியோஸைத் தொடங்கும் வட்டு) 1351 டிரைவர் (மவுஸை இயக்கும் மென்பொருள்) ஐகானை ஜாய்ஸ்டிக் டிரைவருக்கு முன்னால் நகர்த்தி, ஆஃப் செய்து, பட்டனைத் தொடாமல் ஆன் செய்தேன். டிஸ்க்கில் முதலில் இருக்கும் டிரைவரைத்தான் ஜியோஸ் எடுத்துக்கொள்கிறது. இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: முன்பு வலது கிளிக் செய்தால் மட்டும் அம்பு மேலே போனது. மவுஸ் பழுது என்றே நினைத்தேன். இல்லை, 1351-இன் வலது பட்டன் ஜாய்ஸ்டிக்கின் ‘மேல்’ இணைப்பைத்தான் பயன்படுத்துகிறது. மவுஸை 1-ஆம் போர்ட்டில் செருகுங்கள்.