சனிக்கிழம ராத்திரி எந்தப் படம்

இசக்கி: எல்லாரும் கேளுங்க, வெள்ளிக்கிழமையோட கோயில் கொடை முடிஞ்சிரும், சனிக்கிழம ராத்திரி எல்லாரும் ஆச்சி வீட்லதான் இருப்போம், கூட்டாளிட்ட புரொஜக்டர் சொல்லி வச்சிருக்கேன், மொட்ட மாடில பழைய சஸ்பென்ஸ் படம் ஒண்ணு போடுவோமா

காந்தி மதினி: போடு இசக்கி, ஆனா பிள்ளைய தூங்கிராம பாக்குற மாதிரி இருக்கணும்

முத்து: நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கன்பார்ம், நானும் இருப்பேன். என்ன படம்ல

இசக்கி: வீணை எஸ். பாலசந்தர் எடுத்ததுல ஒண்ணு. எனக்கு பொம்மைதான் ஃபர்ஸ்ட்

கோமதி அத்தை: ஏ நடு இரவில் போடுல. அத விட்டா என்ன சஸ்பென்ஸ் இருக்கு

சண்முகம் சித்தப்பா: அந்த நாள். அவர் எடுத்ததுல அதான் முதல் இடம், மத்ததெல்லாம் அதுக்குப் பொறவுதான்

இசக்கி: வந்துட்டாவ சித்தப்பா. காரணம் சொல்லுங்க, ஓட்டு போட்டுருவோம்

முத்து: நான் மூணும் பாக்கல. யாரு கொலகாரன்னு மட்டும் யாரும் சொல்லிராதிய, கும்பிட்டு கேக்கேன்

கோமதி அத்தை: நான் சொல்லுதேன் கேளு. நடு இரவில் டூரிங் டாக்கீஸ்ல பாத்தேன், அப்பம் எனக்கு பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும். ஒரு தீவு, அதுல ஒரு பெரிய பங்களா, மேஜர் சுந்தர்ராஜன்தான் பணக்காரர், பண்டரிபாய்க்கு மனநிலை சரியில்ல, சொந்தக்காரவ எல்லாம் வந்து எறங்குதாவ, பொறவு ஒண்ணொண்ணா சாவு விழுது. படம் விட்டு வாய்க்கா கரை வழியா நடந்து வாரோம், அம்மா முந்தானைய விடவேயில்ல நான், பின்னால யாரோ வாற மாதிரியே இருந்துச்சு. எந்தப் படம் அந்த பயத்த குடுத்துச்சோ அதான நல்ல சஸ்பென்ஸ் படம்

காந்தி மதினி: அத்தை நீங்க சொல்லுததுக்கே எனக்கு பயமா இருக்கு, பிள்ளைய ராத்திரி பாத்ரூம் போவாது

சண்முகம் சித்தப்பா: அக்கா, நடு இரவில் நல்ல படம்தான், நான் இல்லைன்னு சொல்லல. எடுத்து ரொம்ப நாள் கழிச்சு 1970ல வந்து நல்லா ஓடுன படம், அந்த பங்களாவ அவர் காட்டுன விதமே தனி, மாடிப்படியும் தாழ்வாரமும் ஒரு ஆளு மாதிரி நிக்கும். ஆனா அதுல வாற ஆட்கள நமக்கு எந்த அளவுக்குத் தெரியும்? அவன் செத்தான் அடுத்து யாருன்னு எண்ணிக்கிட்டே இருப்போம். செத்தவன் எப்படிப்பட்டவன்னு நெனைக்கவே நேரம் கெடையாது. அந்த நாள்ல செத்தது ஒரே ஒரு ஆளுதான், படம் முழுக்க அந்த ஆள பத்திதான்

இசக்கி: சித்தப்பா சஸ்பென்ஸ்னா என்னன்னு முதல்ல பாப்போம். இங்கிலீஷ் சஸ்பென்ஸ் பட டைரக்டர் ஹிட்ச்காக் சொன்னதுதான், மேசைக்கு அடில குண்டு இருக்கு, அது நமக்குத் தெரியும், உக்காந்து பேசுறவனுக்குத் தெரியாது, அப்பம்தான் நெஞ்சு அடிக்கும். பொம்மைல அதான் நடக்கு. பொம்மைக்குள்ள குண்ட வச்சு ஒருத்தர கொல்லப் பாக்கானுவ, அந்த பொம்ம கை தவறி வேற யாரு யாரு கைக்கோ போய்ட்டே இருக்கும், ஒண்ணும் தெரியாத பிள்ளைய எல்லாம் அத தூக்கிட்டு அலையும், நமக்கு மட்டும் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். அந்த நாள் சஸ்பென்ஸே கெடையாது, யாரு சுட்டதுன்னு கண்டுபிடிக்கிற படம். கண்டுபிடிச்சா முடிஞ்சு போச்சு

சண்முகம் சித்தப்பா: பொம்மைல அந்த வேல பிரமாதம்லா, அத நான் ஒத்துக்கிடுதேன். கடைசில கூட வேல பாத்தவங்கள எல்லாம் திரைல காட்டி அறிமுகம் பண்ணுவாரே, எந்த டைரக்டர் அப்பம் அப்படிச் செஞ்சாரு. யேசுதாஸ் தமிழுக்கு வந்த புதுசுல பாடுன நீயும் பொம்மை நானும் பொம்மை பாட்டும் அதுலதான். ஆனா எப்பம் பொம்ம கை மாறுதுன்னு நாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே நடுவுல பாட்டு வருது டான்ஸ் வருது, குண்டு டிக் டிக்னு போய்ட்டு இருக்கும்போது நாம உக்காந்து பாட்டு கேக்கோம். அந்த நாள்ல அது கெடையாது. ஒரு பாட்டு கெடையாது, ஒரு டான்ஸ் கெடையாது, சண்ட கெடையாது. 1954ல! யாரு எடுத்தா? வீணைல உலகம் பூரா பேர் வாங்குன மனுசன். பாட்டு தெரியாம பாட்ட விடல, தெரிஞ்ச மனுசன் இந்தக் கதைக்கு வேண்டாம்னு விட்டாரு. அதுக்கே நான் முதல் இடம் குடுப்பேன், ஆனா காரணம் அது மட்டும் இல்ல

முத்து: பாட்டே இல்லாம ஏவிஎம் எப்படி ஒத்துக்கிட்டாவ

சண்முகம் சித்தப்பா: அதான் ஆச்சரியம். மெய்யப்ப செட்டியாரு துணிஞ்சு எடுத்தாரு. முதல்ல கல்கத்தா விசுவநாதன போட்டு கொஞ்சம் எடுத்தாவ, செட்டியாருக்கு திருப்தி இல்ல, பொறவு சிவாஜிய போட்டு திரும்ப எடுத்தாவ. வந்தப்ப சரியா ஓடல, ஜனங்க பாட்டு எங்கன்னு கேட்டாவ. ஆனா அந்த வருசத்து தேசிய விருதுல தமிழுக்கு நற்சான்றிதழ் அதுக்கு கெடச்சுது. டைரக்டருக்கு அப்பம் வயசு 27தான். உன் வயசுல முத்து

கோமதி அத்தை: சிவாஜி அதுல நல்லா அடக்கி நடிச்சிருப்பாரு, அது நெசம்

சண்முகம் சித்தப்பா: அக்கா அதச் சொல்லுங்க! அதே 1954லதான் மனோகராவும் வந்துச்சு, சங்கிலிய இழுத்துக்கிட்டு வசனம் பேசுனாரே அதே மனுசன். இங்க பாருங்க, படம் ஆரம்பிச்ச உடனே துப்பாக்கி சத்தம், சிவாஜி குண்டடி பட்டு விழுந்து செத்துப் போறாரு. ஹீரோ முதல் காட்சிலயே பொணம். பொறவு பக்கத்து வீட்டுக்காரர் சின்னையா போலீசுக்கு ஓடுதாரு, இன்ஸ்பெக்டர் வாராரு, ஜாவர் சீதாராமன் சிஐடியா வாராரு, வசனமும் அவருதான் எழுதுனாரு. வீட்ல ஒவ்வொருத்தரா விசாரிக்காவ. ஒருத்தர் கைய காட்டி இவன்தாங்காரு, அவன் இன்னொரு ஆள கைய காட்டுதான். தம்பிக்கு சொத்துல பங்கு வேணும், தம்பி பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி, சிவாஜிக்கு வெளிய ஒரு பொம்பள தொடுப்பு வேற. ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் ராஜன்ங்கிற அந்த சிவாஜி வேற வேற ஆளா தெரிவாரு. ஒரு கதைல கல்நெஞ்சுக்காரன், இன்னொரு கதைல கொஞ்சிக் குலாவுதவன். முகம் ஒண்ணுதான், மேக்கப் கூட மாறாது. மனோகரால குரல வச்சு செஞ்சத இதுல கண்ண வச்சே செஞ்சிருப்பாரு

இசக்கி: ராஷோமான் காப்பிதான சித்தப்பா அது. 1950லயே ஜப்பான் டைரக்டர் குரோசவா எடுத்துட்டாரு

சண்முகம் சித்தப்பா: எல்லாரும் இத சொல்லிருதிய. சாயல் இருக்கு, இல்லைன்னு யாரு சொன்னா. ஆனா ராஷோமான்ல நடந்தது என்னன்னு கடைசி வரைக்கும் உறுதியா தெரியாது, அதான் அந்தப் படத்தோட விசயமே. இதுல தெரியும். இதுல பொய் சொல்லுதவன் யாருங்கிறது இல்ல கேள்வி, அவனவன் பாத்த ராஜன் அவனவனுக்கு நெசம்தான். எல்லாத்தையும் சேத்து வச்சு பாத்தாதான் அந்த மனுசன் முழுசா தெரிவான். படிச்ச மனுசன், ரேடியோ எஞ்சினியரு, நாட்டுக்கு நல்லது செய்யணும்னு வந்தவன் எப்படி அந்த நெலமைக்குப் போனான், அதான் படம். எந்த நெலமைன்னு முத்துக்காக சொல்லல

முத்து: நன்றி சித்தப்பா நன்றி

காந்தி மதினி: சின்ன மாமா, பிள்ளையளுக்கு அந்தக் காலம் புரியுமா, அதுல யுத்தம்லா வருது

சண்முகம் சித்தப்பா: புரியும். ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டான்ல, 1943 அக்டோபர்ல, அது நெசமா நடந்தது. அதுக்கு மறுநாள்தான் கதைல கொல விழுது. பிள்ளையளுக்கு அத மட்டும் முன்னாலயே சொல்லிரு போதும்

இசக்கி: ஆச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிருக்கா, அஞ்சு நிமிசம் ஓடுது, எல்லாருக்கும் கேக்குதா

முத்து: ஆபீஸ்ல இருக்கேன், எழுதிப் போடு

இசக்கி: ஆச்சி சொல்லுதா: "எங்க சித்தி குடும்பம் மெட்ராஸ்ல இருந்தாவ, யுத்தத்துல குண்டு விழும்னு பயந்து ஊரே காலி பண்ணுச்சாம், ரயில்ல கால் வைக்க எடம் இல்லாம இங்கன வந்து சேந்தாவ. எனக்கு அப்பம் மூணு வயசு, ஒண்ணும் நெனவில்ல, எங்க அம்மா சொல்லித்தான் தெரியும். ராத்திரி வெளிச்சம் வெளிய தெரியக் கூடாதுன்னு ஜன்னல்ல கருப்புத் துணி கெட்டி இருந்தாவளாம் மெட்ராஸ்ல. ஊருக்கு வந்த பொறவும் சித்தி மாசக்கணக்குல வெளக்கு வச்ச உடனே கதவ சாத்துவாளாம். அந்த நாள் படம் வந்தப்ப சித்தி பாதில எந்திரிச்சு வந்துட்டா, கத பிடிக்காம இல்ல, அந்த நாளு எல்லாம் திரும்ப வந்த மாதிரி இருந்துச்சாம். அந்தப் படத்துல பண்டரிபாய் இருக்கால்லா, பராசக்தில சிவாஜிக்கு ஜோடியா வந்தவ, அவ முகத்த பாரு, வாய் பேசாது முகம் பேசும்"

காந்தி மதினி: ஆச்சி சொன்னது கேட்டு எனக்கு மயிர் கூச்செடுக்கு

இசக்கி: இதுக்கு மேல ஆச்சி முடிவ சொல்லிட்டா, அத நான் எழுதல

கோமதி அத்தை: எம்மா எப்பவும் அப்படித்தான், யாரு சுட்டதுன்னு டப்புன்னு

கோமதி அத்தை: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

முத்து: அத்தை!!! நான் பாக்கல, பாக்கவே இல்ல

சண்முகம் சித்தப்பா: இசக்கி, நீ கண்டுபிடிச்சா முடிஞ்சு போச்சுன்னு சொன்னியே, அதுக்கு இப்பம் பதில் சொல்லுதேன். நான் இத காலேஜ் படிக்கும்போது தூர்தர்ஷன்ல பாத்தேன், முடிவு தெரிஞ்ச பொறவு எத்தனையோ தடவ பாத்துட்டேன், ஒரு தடவ கூட சலிக்கல. ஏன்னா சுட்ட ஆளு அந்த விசாரணைக்கு நடுவுலயேதான் இருக்கு, மத்தவன் ஒவ்வொருத்தனும் இவன்தான் அவன்தான்னு கத சொல்லும்போது அந்த முகம் அமைதியா இருக்கு. தெரிஞ்சுக்கிட்டு அந்த முகத்த மட்டும் பாரு, தண்ணி குடுக்குறதும் நிக்கிறதும் நடக்கிறதும் எல்லாம் வேற அர்த்தமாயிரும். நீ சொன்ன மேசைக்கடி குண்டு அங்கதான் இருக்கு. முதல் தடவ நமக்குத் தெரியாது, ரெண்டாவது தடவ நமக்குத் தெரியும், அங்க உக்காந்து பேசுறவனுக்குத் தெரியாது. ஹிட்ச்காக் சொன்ன கணக்குப்படியே வருதுல்லா

இசக்கி: ம். இத நான் யோசிக்கல. ஆனா அது ரெண்டாவது தடவ பாக்குறவனுக்குத்தான சித்தப்பா, பொம்மை முதல் தடவயே அந்த வேலய செய்யுது

சண்முகம் சித்தப்பா: செய்யுது, ஆனா பொம்மைல பதட்டம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சிருது, யாரு யாருன்னு நெஞ்சுல நிக்காது. இதுல கடைசி காட்சி முடிஞ்ச பொறவுதான் ஆரம்பிக்கும் சண்டயே, சுட்டது சரியா தப்பான்னு. எங்க அப்பாவும் பெரியப்பாவும் ரெண்டு நாளு பேசாம இருந்தாவ அதுக்காவ. அந்த சண்டய நம்ம மாடில நான் பாக்கணும். அவரு எடுத்த கைதி, அவனா இவன் எல்லாத்தையும் வரிசைல வச்சாலும் எனக்கு அந்த நாள் ஒண்ணு, நடு இரவில் ரெண்டு, பொம்மை மூணு

இசக்கி: நடு இரவில் ரெண்டா? அக்காவுக்காக சொல்லுதிய

சண்முகம் சித்தப்பா: இல்லல, அந்த பங்களாவுக்காக

கோமதி அத்தை: என் தம்பி சரியாத்தான் சொல்லுதான். எனக்கு அது ஒண்ணு, அந்த நாள் ரெண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்

காந்தி மதினி: அப்பம் சனிக்கிழம அந்த நாள், ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான ஓடும், பிள்ளைய தாங்கிரும். ஞாயித்துக்கிழம பகல்ல நடு இரவில் டிவில போட்டுக்கிடுவோம், பகல்னா பயம் கெடையாது

இசக்கி: சரி மெஜாரிட்டி. நல்ல பிரிண்டா நான் பாத்து எடுத்துட்டு வாரேன், யூடியூப்ல இருக்கதுல முகமே தெரிய மாட்டேங்குது, மாருதி ராவ் கேமரால இருட்டும் வெளிச்சமும் தெரியலைன்னா இந்தப் படத்த பாத்து பிரயோசனம் இல்ல. மாடில தெரு லைட்டு விழும், அந்தப் பக்கம் தார்ப்பாய் கெட்டணும்

முத்து: தார்ப்பாய் நான் வந்து கெட்டுதேன். ஸ்பீக்கர்?

இசக்கி: கொடைக்கு ரேடியோ செட்டு போடுத அண்ணாச்சிட்ட சின்ன பாக்ஸ் ரெண்டு சொல்லிருக்கேன்

சண்முகம் சித்தப்பா: எட்டு மணிக்குள்ள சாப்பாட முடிச்சிரணும். பந்தி நடக்கும்போது படத்த போட்டுராத இசக்கி, முதல் நிமிசத்துலயே துப்பாக்கி சத்தம், அத விட்டவன் படத்த விட்டான்

காந்தி மதினி: எட்டுக்குள்ள முடியாது சின்ன மாமா, எட்டரை

சண்முகம் சித்தப்பா: சரி எட்டரை. அம்மாவ மட்டும் முத்து பக்கத்துல உக்கார வைக்காதிய

முத்து: நான் முன் வரிசைல, ஆச்சி பின் வரிசைல