ஃபெஸ் பழைய நகரில் போன் வரைபடம் வழி தவறுகிறது, உதவி தேவை

முதுகுப்பை:
நேற்று வியாழன் மதியம் மொராக்கோவின் ஃபெஸ் வந்து சேர்ந்தேன். தங்குமிடம் பழைய நகருக்குள், தலா கபீரா தெருவிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தில். கார் நுழையாத ஊர், கழுதைதான் லாரி என்று தெரிந்துதான் வந்தேன். ஆனால் இன்று காலை புதினா டீ குடிக்கப் போனவன் அறைக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆனது.

வரைபடத்தை ஊரிலேயே போனில் இறக்கி வைத்திருந்தேன். நீலப் புள்ளி நான் நிற்கும் சந்தில் நிற்காமல், சுவர் தாண்டி அடுத்த சந்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. போனை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. நேற்று அடையாளம் வைத்த செருப்புக் கடையையும் காணோம். போதாததற்கு ஒரு பையன், ‘அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது’ என்று சொல்லித் தோல் பதனிடும் இடத்துக்கு இழுத்துப் போய் 100 திர்ஹம் கேட்டான். கோளாறு போனிலா, என்னிலா?

ஊர்சுற்றி:
போனில் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் உயரமான சுவர், சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். செயற்கைக்கோள் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் புள்ளி தாவுகிறது. எந்த போன் வாங்கினாலும் இதே கதைதான்.

போனைப் பையில் போட்டுவிட்டு முழங்காலைக் கேளுங்கள். ஊர் ஒரு கிண்ணம் மாதிரி. தலா என்றாலே ஏற்றம். தலா கபீரா பெரிய ஏற்றம், தலா ஸ்கீரா சின்ன ஏற்றம். ஏறிக்கொண்டே போனால் பூ ஜலூத் வாசல், இறங்கினால் கராவியீன் பள்ளிவாசல் பக்கம். வாசலின் வெளிப்புறம் நீல ஓடு, உள்புறம் பச்சை. பச்சை தெரிந்தால் இன்னும் ஊருக்குள் இருக்கிறீர்கள்.

கூத்தாநல்லூரான்:
தம்பி, இன்று வெள்ளிக்கிழமை! செருப்புக் கடை எங்கேயும் போகவில்லை, கதவைச் சாத்தியிருப்பார்கள். ஜும்ஆ நாளில் பாதிக் கடைக்கு மேல் திறக்காது. கடையை அடையாளம் வைக்காதீர்கள். ஓடு பதித்த தண்ணீர்க் குழாய், பள்ளிவாசல் கதவு, இப்படி நகராத பொருளாக வையுங்கள்.

‘அடைத்திருக்கிறது’ என்பது அந்த ஊர்ப் பழைய வசனம். ‘லா, ஷுக்ரன்’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். வழி கேட்பதானால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். கடையை விட்டு அவர் உங்கள் பின்னால் வர முடியாது.

நான் கராவியீனில் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழுதிருக்கிறேன். 859இல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண்மணி கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளி அது. முஸ்லிம் அல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். 14ஆம் நூற்றாண்டு பூ இனானியா மதரசாவுக்கு யாரும் டிக்கெட் வாங்கிப் போகலாம். பூ ஜலூத் பக்கத்தில்தான், அதன் மினாராவும் நல்ல அடையாளம்.

முதுகுப்பை:
நன்றி பாய். நாளை ரயில் பிடிக்க வேண்டும். 11 கிலோ பையோடு ஏறுவதா, இறங்குவதா?

ஊர்சுற்றி:
இறங்கினால் ரசீஃப் சதுக்கம், அங்கேயும் டாக்ஸி கிடைக்கும். ஆனால் கீழே சந்துகள் பின்னிக் கிடக்கும், புதியவருக்கு வேண்டாம். மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுங்கள். வாசலுக்கு வெளியே சின்னச் சிவப்பு டாக்ஸி பிடித்து, மீட்டர் போடச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பின்னாலிருந்து ‘பலாக்!’ (வழி விடு) என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோடு ஒட்டுங்கள். கழுதை நிற்காது.

முதுகுப்பை:
சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். பச்சை வாசல் வரை ஏறி, அதே வழியில் இறங்கி, போனைத் தொடாமல் 20 நிமிடத்தில் திரும்பிவிட்டேன். என் சந்து முனையில் உடைந்த ஓட்டோடு ஒரு குழாய் இருக்கிறது, நேற்று அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு சந்து முன்னதாகத் திரும்பி யாரோ வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். திறந்த பாட்டி சிரித்துக்கொண்டே எதிர்ச் சந்தைக் காட்டினார். காசு கேட்கவில்லை.