ஒசாகா பயணம்: புதுப்பிப்பு

ஜப்பானின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஒசாகா நகருக்குள் எப்படிப் போவது, எதில் சுற்றுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். அம்மாவுடன் போய்வந்துவிட்டேன். வழி சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

போகும்போது 'நான்காய்' என்ற தனியார் நிறுவனத்தின் ரயிலில், நகருக்குள் இருக்கும் நம்பா நிலையம் வரை சென்றோம். முன்பதிவு தேவைப்படாத விரைவு ரயிலே போதும், முக்கால் மணி நேரம்தான். நகருக்குள் சிவப்பு நிற மிதோசுஜி மெட்ரோ பாதையே எங்களுக்குத் துணை: ஷின்-ஒசாகா, உமேதா, நம்பா, தென்னோஜி எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. ஒசாகா நிலையமும் உமேதா நிலையமும் அடுத்தடுத்தே இருக்கின்றன. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். திரும்பும்போது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) விரைவு ரயிலில் வந்தால் பெட்டி எண்ணைப் பாருங்கள். எட்டுப் பெட்டி ரயில் ஹினேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முதல் நான்கு விமான நிலையத்துக்கு, பின் நான்கு வாகயாமா என்ற வேறு நகருக்கு. நாங்கள் ஆறாவதில் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த பாட்டி எங்கள் பெரிய பைகளைப் பார்த்து, "கூகோ?" என்று கேட்டார், விமான நிலையமா என்று பொருள். தலையாட்டியதும் நான்கு விரல்களைக் காட்டி, முன்பக்கம் கை நீட்டினார். ஹினேனோவில் இறங்கி நடைமேடையில் ஓடி ஏறினோம். அந்தப் பாட்டியின் முகத்தை அம்மா இன்னும் மறக்கவில்லை.