‘புகையற்ற புகையிலை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

புகைக்காமல் மெல்லவும் வாயில் அதக்கவும் மூக்கில் இழுக்கவும் பயன்படும் புகையிலையை ஆங்கிலத்தில் ‘ஸ்மோக்லெஸ் டொபாக்கோ’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாகப் ‘புகையற்ற புகையிலை’ என்றே நம் பேச்சில் முடிவாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. கொட்டையில்லாத கொட்டைப்பாக்கு என்பது மாதிரி இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. டொபாக்கோ, ஸ்பானியர்கள் கரீபியத் தீவுகளில் காதால் கேட்டு எடுத்த சொல். அங்குள்ளவர்கள் இலைச்சுருளை அப்படி அழைத்தார்கள் என்கிறார் அக்காலத்தை எழுதிவைத்த ஸ்பானியப் பாதிரியார் லாஸ் காசாஸ். புகை உறிஞ்சும் கவைக்குழாயைத்தான் என்கிறார் இன்னொரு ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ. இன்று அந்தச் சொல்லில் யாருக்கும் புகை தெரிவதில்லை. தாவரவியல் பெயரோ ஓர் ஆளின் பெயர். லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ழான் நிக்கோ 1560 வாக்கில் இதை மருந்தென்று சொல்லித் தம் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அவர் பெயரால் அந்தச் செடியை நிக்கோட்டியானா என்று பதிந்தார். நாம்தான் பயன்பாட்டைப் பார்த்துப் பெயர் வைத்தோம்: புகை, இலை. தெலுங்குப் பொகாகும் கன்னட ஹொகெசொப்பும் அப்படித்தான்.

ஆனால் என் அப்பத்தா ஒருநாளும் புகைத்ததில்லை. வெற்றிலை போட்டு முடிந்ததும் சுருக்குப்பையிலிருந்து வேதாரண்யம் புகையிலையில் நகமளவு கிள்ளி, இடது கடைவாயில் அதக்கிக்கொள்வார். பிறகு அரைமணி நேரம் எதைக் கேட்டாலும் ‘ம்’ மட்டும்தான்.

அந்த ‘அதக்கு’ என்ற வினையை ஏன் விட்டுவிட்டோம்? மெல்வது வேறு, அதக்குவது வேறு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கிடந்து ஊற ஊற, நிகோட்டின் வாய்த்தோல் வழியே இரத்தத்தில் இறங்குகிறது. வாய்ப்புற்று வருவதும் அந்த இடத்தில்தான். ‘புகையற்ற’ என்றால் படிக்கிறவருக்குத் தீங்கற்றது என்றுதான் காதில் விழும்.

என் பரிந்துரை: கைனி (சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கியது), ஸ்னூஸ் (ஸ்வீடன்காரர்கள் உதட்டுக்கடியில் வைப்பது) வகைக்கு ‘அதக்கு புகையிலை’. வினைத்தொகை, நடுவில் ‘ப்’ போட்டுவிடாதீர்கள். மெல்வதற்கு ‘மெல்புகையிலை’. மூக்குப்பொடி ஏற்கெனவே நல்ல சொல், அதைத் தொட வேண்டாம்.

மூன்றுக்கும் பொதுச்சொல்லாக ஒரு நண்பர் சொன்ன ‘எரியாப் புகையிலை’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் இப்போது எரிக்காமல் சூடாக்கி இழுக்கும் கருவிகள் வந்துவிட்டன, அதுவும் எரியாததுதானே? அதற்குச் ‘சுடுபுகையிலை’ என்று தனியே பிரித்துவிட்டால், ‘எரியா’வை ஏற்கலாமா? மருத்துவர்கள் சொல்லுங்கள்.