புதுப்பிப்பு: ஜவுளிக்கடை அக்காவின் கால் வலி

எங்கள் தெரு அக்காவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சமாளித்தவர். "உட்கார உரிமை தரும் சட்டம் இருக்கிறதே" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இருக்கிறது. கேரளத்தில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் போராடி, 2018-ல் அங்கே சட்டம் மாறியது. தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தக் கடையிலும் ஸ்டூல் கிடக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே முன்பெல்லாம் யாரும் உட்கார்ந்ததில்லை.

சரி, இப்போதைய நிலவரம். அக்கா டாக்டரிடம் காட்டிவிட்டார். இறுக்கமான காலுறை போடவும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், அந்தப் பிரிவுப் பெண்கள் முறை வைத்து உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் கேட்டதற்கு அக்காதான் பதில் சொன்னாராம்: "சட்டத்துலயே இருக்குங்க சார்." மகளின் காலேஜ் ஃபீஸை நினைத்து இத்தனை காலம் வாயே திறக்காதவர்! எனக்கு அவ்வளவு பெருமை.

வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. அடுத்த மாதம் ஸ்கேன் எடுக்க வேண்டும், நானும் கூடப் போகிறேன்.