டபிள்யூஎல்பிடி நிலையம் உரிமத்தை இழந்தது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஊடகச் சட்டம் படித்து வருகிறேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் இயங்கும் டபிள்யூஎல்பிடி என்ற தொலைக்காட்சி நிலையத்தின் உரிமத்தை 1969-இல் நீதிமன்றம் பறித்தது என்று எங்கள் பாடத்தில் ஒரே ஒரு வரி வருகிறது. என்பிசி என்ற தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பின் நிகழ்ச்சிகளைத் தந்துவந்த நிலையத்துக்கு அந்த நிலை ஏன் வந்தது? தவறு என்பிசியுடையதா, நிலையத்துடையதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்:
தவறு நிலையத்துடையது. வலையமைப்பு நிகழ்ச்சிகளை அனுப்பும். ஆனால் உரிமம் உள்ளூர் உரிமையாளரின் பெயரில் இருப்பதால், எதைக் காட்டுவது, எதை நிறுத்துவது என்பது அவர் கையில்தான். 1953 டிசம்பரில் தொடங்கிய இந்நிலையத்தை லாமர் லைஃப் என்னும் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்தியது. 1955-இல் கறுப்பின மக்களின் வழக்கறிஞரான தர்குட் மார்ஷல் என்பிசியில் பேசத் தொடங்கியதும் படம் மறைந்து, 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அறிவிப்புப் பலகை திரையில் நின்றது. ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பலகை எத்தனை வீடுகளை அவமதித்தது என்பது விளங்கும்.

மற்றொரு பதில்:
மேலே சொன்னதோடு வழக்கின் போக்கையும் சேர்க்கிறேன். யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட் திருச்சபையின் எவரெட் பார்க்கர், 1964 மார்ச்சில் தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு வாரம் முழுவதும் ஒளிபரப்பைக் கண்காணித்துக் குறிப்பெடுக்கச் செய்தார். பழிவாங்கல் நேரக்கூடும் என்பதால் அவர்களுடைய பெயர்கள் வெளியே தெரியாமல் காக்கப்பட்டன. அந்தக் குறிப்புகளோடு, ஆரன் ஹென்றி, ராபர்ட் எல். டி. ஸ்மித் என்ற உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களும் சேர்ந்து, உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று ஒளிபரப்பு உரிமங்களை வழங்கும் அரசு அமைப்பான எஃப்சிசி ஆணையத்திடம் மனு அளித்தனர். பொருள் இழப்போ அலைவரிசைக் குறுக்கீடோ நேர்ந்தவர் மட்டுமே இத்தகைய மனு அளிக்கலாம் என்பது அன்றைய நடைமுறை. எனவே ஆணையம் மனுவைத் தள்ளிவிட்டு, 1965-இல் உரிமத்தை நிபந்தனைகளுடன் ஓராண்டுக்கு நீட்டித்தது. 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி வாரன் பர்கர், பார்வையாளருக்கும் வழக்காடும் தகுதி உண்டு என்று தீர்ப்பளித்தார். என் கருத்தில் உங்கள் பாடம் விரித்துச் சொல்லியிருக்க வேண்டிய இடம் இதுவே. நீதிமன்ற உத்தரவின்படி நடந்த விசாரணைக்குப் பின்னும் ஆணையம் 1968-இல் உரிமத்தை மீண்டும் புதுப்பித்தது. அதைத்தான் பர்கர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்பதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், 1969 ஜூனில் ரத்து செய்தார்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இந்த வழக்குக்கு முன் கறுப்பினத் தலைவர் எவரும் அந்நிலையத்தில் பேசியதே இல்லையா?

பதில்:
பேசியிருக்கிறார். நகர மேயரின் தொலைக்காட்சி உரைக்கு மறுமொழி சொல்லச் சம வாய்ப்பு வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, 1963 மே 20 அன்று கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவரான மெட்கர் எவர்ஸுக்கு 17 நிமிடங்கள் கிடைத்தன. காங்கோ நாட்டுக்காரர் ஒருவர் ரயில் எஞ்சின் ஓட்ட முடிகிறது, ஜாக்சனில் கறுப்பினத்தவரால் குப்பை வண்டிகூட ஓட்ட முடியவில்லை என்று அன்று அவர் சொன்னது இன்று படித்தாலும் நெஞ்சை உலுக்குகிறது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி அவர் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தீர்ப்புக்குப் பின் 1971-இல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நிலையத்தை இடைக்காலப் பொறுப்பில் ஏற்றது. 1972-இல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அதன் பொது மேலாளரானார்.